சதுர அடிக்கு வெளியே: சென்னையின் மறுகுடியமர்வும் குடும்ப வாழ்வும்

கேள்வி

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் குடியிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் தெற்கு எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய பெயர்கள் இன்று செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இந்த இடமாற்றம் வேகம் பிடித்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் வேலை இழப்பு, பள்ளி இடைநிற்றல், பேருந்து வசதி, அப்பகுதிகள் மீது விழுந்துவிட்ட குற்றப் பழி ஆகியவற்றை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். கதவைச் சாத்திய பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. கணவன் மனைவி, மாமியார் மருமகள், பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவர் என ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிறவர்களின் உறவு புதிய வீட்டில் என்னவாகிறது?

இதற்கு இரண்டு பதில்கள் கைவசம் இருக்கின்றன. அரசுத் தரப்பு சொல்வது: ஓலையும் தார்ப்பாயும் போய் கான்கிரீட் கூரை வந்திருக்கிறது, தனிக் கழிப்பறையும் மின் இணைப்பும் வந்திருக்கின்றன, பரப்பளவும் பழைய குடிசைக்குக் குறைந்ததல்ல. எதிர்த்தரப்பு சொல்வது: இவை வீடுகளே அல்ல, புறாக்கூண்டுகள், மனிதர் வாழத் தக்க அளவு இவற்றுக்கு இல்லை. கேட்பதற்கு இரண்டும் எதிரெதிர் வாதங்கள். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தான்: சுவருக்குள் எத்தனை சதுர அடி.

அந்த அளவுகோலே பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். ஏழைக் குடும்பம் ஒன்றின் வீடு அதன் நான்கு சுவருக்குள் முடிவதில்லை. வாசல், சந்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா வீடு, நாளை ஒரு தட்டி கட்டி நீட்டிக்கொள்ளக் கூடிய இடம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வீடு. இடம் மாற்றும்போது சுவருக்குள் இருப்பதை மட்டும் கணக்கிட்டு ஈடு கொடுக்கிறார்கள். மற்றவை கணக்கில் ஏறாமலேயே காணாமல் போகின்றன. அதனால்தான் காகிதத்தில் பெரிதான வீடு, வாழ்கிறவர்களுக்குச் சிறியதாகிவிடுகிறது.

நெருக்கத்தை அளந்தவர்கள்

இட நெருக்கடி குடும்பத்தைக் குலைக்கும் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1962-இல் ஜான் கால்ஹூன் என்ற அமெரிக்க ஆய்வாளர், அடைப்புக்குள் எலிகளைப் பெருகவிட்டு, கூட்டம் மிகுந்தபோது தாய் எலிகள் குட்டிகளைக் கைவிட்டதையும் ஆண் எலிகள் மூர்க்கமானதையும் பதிவு செய்தார். நகரங்களைப் பற்றி அச்சத்தோடு பேசியவர்களுக்கு அது பெரிய ஆயுதமாகக் கிடைத்தது. எட்வர்ட் ஹால் 1966-இல் வெளியிட்ட நூல் இச்சோதனையையும், பிரான்சில் ஷோம்பார் த லோவ் தொழிலாளர் குடும்பங்களிடம் செய்த ஆய்வையும் அருகருகே வைத்துப் பேசியது. தலைக்கு 8 முதல் 10 சதுர மீட்டருக்குக் கீழே போனால் உடல், சமூகக் கோளாறுகள் இரட்டிப்பாகின்றன என்பது அந்தப் பிரெஞ்சு ஆய்வின் புகழ்பெற்ற முடிவு. அதே ஆய்வில், 14 சதுர மீட்டரைத் தாண்டினாலும் கோளாறுகள் ஓரளவு கூடுகின்றன என்ற முடிவும் இருந்தது. அதை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு. இடம் கூடக் கூட நலம் கூடும் என்ற நேர்க்கோட்டு நம்பிக்கைக்கு அது ஒத்துவரவில்லை.

மனிதர்களிடம் நேரடியாகச் செய்த ஆய்வுகள் படத்தை மாற்றின. ராபர்ட் மிட்சல் 1971-இல் வெளியிட்ட ஹாங்காங் ஆய்வு இவற்றுள் முதன்மையானது. உலகிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களைப் பார்த்துவிட்டு, நெருக்கம் தன்னளவில் கடும் மனநலக் கேட்டைத் தருவதாகச் சொல்ல முடியவில்லை என்றார். உறவல்லாத குடும்பங்கள் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டபோதும், அவர்கள் உயர்ந்த மாடிகளில் இருந்தபோதும்தான் நிலைமை மோசமானது. கீழே இருப்பவருக்குச் சண்டை வந்தால் தெருவில் இறங்கி நடக்கலாம். மேலே இருப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. இன்னொன்றையும் அவர் கவனித்தார்: இடமில்லாத வீட்டுப் பிள்ளைகள் வெளியே போய்விடுகிறார்கள், பெற்றோரின் கண்பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பூனாவிலிருந்து வருகிறது. கேரி எவன்ஸ், பல்சானே முதலானோர் அந்நகரின் குடும்பத் தலைவர்களான ஆண்களிடம் நடத்திய ஆய்வை 1989-இல் வெளியிட்டார்கள். நெருக்கமான வீடுகளில் மன உளைச்சல் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் அது வந்த வழி கவனிக்கத் தக்கது. நெருக்கத்தில் வாழ்கிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் பேச்சைக் குறைத்து ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்குவதால், துன்ப நேரத்தில் கைகொடுக்க வேண்டிய உறவுகளின் ஆதரவை இழக்கிறார்கள். அந்த இழப்பே உளைச்சலாகிறது. ஒரே அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுக்கிற குடும்பம், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத குடும்பமாகவும் இருக்க முடியும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பூனா ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் கொள்கை வகுப்பவர்கள் எண்ணுக்கே திரும்புகிறார்கள். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் அது நெரிசல் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் வரையறை. குடியிருக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தேசியக் கட்டட விதி. நலிந்த பிரிவினருக்கான வீடு 30 சதுர மீட்டர் வரை என்பது பிரதமர் வீட்டு வசதித் திட்டம் தொடக்கத்தில் வைத்த அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு ஒற்றை அறை வீடுகளில் இருந்தன. ஓரறை வாழ்வு விதிவிலக்கு அல்ல, நாட்டின் பெருவழக்கு. அப்படியிருக்க, ஓரறைக் குடிசையிலிருந்து ஓரறை அடுக்குமாடிக்குப் போன குடும்பம் மட்டும் ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதுதான் விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி.

வளர்கிற வீடு

ஆற்றங்கரைக் குடிசையை நான் புகழப் போவதில்லை. மழைக்கு ஒழுகும், வெயிலுக்குத் தகிக்கும், ஒரு தீப்பொறியில் வரிசையே சாம்பலாகும். பெண்கள் இருட்டுக்குக் காத்திருந்து வெளியே போக வேண்டிய அவலம் அதில் உண்டு. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்தக் குடிசை எப்படிப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். மழையில்லாத நாளில் அடுப்பு வாசலில் எரியும். பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, பிள்ளைக்குப் பேன் பார்ப்பது, மீனை அரிந்து கழுவுவது எல்லாம் வெளியே. வயதுக்கு வந்த பையன்களும் ஆண்களும் கட்டிலையோ பாயையோ சந்தில் போட்டுக்கொள்வார்கள். பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து ஐந்தாறு வீட்டுக் குழந்தைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வாள். குடிசைக்குள் 100 சதுர அடிதான் இருக்கும்; குடும்பம் புழங்கிய இடமோ அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு.

இதைவிட முக்கியமானது, குடிசை வளரும் என்பது. மகனுக்குக் கல்யாணம் என்றால் பக்கவாட்டில் ஒரு தட்டி கட்டி, மேலே ஒரு தகரம் போட்டு, உள்ளே தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்சம் காசு சேர்ந்தால் தட்டி செங்கல் சுவராகும். ஐந்தாறு ஆண்டு கழித்து மேலே ஒரு மாடி ஏறும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தால் ஒரு மறைப்பு. அவள் குழந்தையோடு புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அந்த மறைப்பைக் கழற்றிவிடலாம். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் ஓலை கொண்டுவந்து குச்சு கட்ட இடம் இருக்கும். ஒரு குடும்பத்தின் வயதும் எண்ணிக்கையும் மாற மாற வீடும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். ஜான் டர்னர் 1972-இல் தொகுத்த நூலில், வீடு என்பதை முடிந்துபோன பொருளாகக் கொள்ளாமல் தொடர்ந்து நடக்கும் செயலாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். லத்தீன் அமெரிக்க நகரங்களைப் பார்த்து அவர் எழுதியது நம் கூவக்கரைக்கும் அப்படியே பொருந்துகிறது.

சென்னை இந்தப் பாடத்தை ஒரு காலத்தில் அறிந்தே இருந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் தண்ணீரும் வடிகாலும் கொடுத்து, வீட்டைக் குடும்பங்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். பின்னாளில் அந்த முறை தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டுக் கைவிடப்பட்டது. ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகிய மூவரும் இருபது ஆண்டு கழித்து மும்பையிலும் சென்னையிலும் அந்த இடங்களைத் திரும்பிப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். காலியாகக் கிடந்தவை என்று குறைகூறப்பட்ட மனைகள் பலதரப்பட்ட வருமானக்காரர்கள் வாழும் உயிருள்ள பகுதிகளாகியிருந்தன. வீடுகள் குடும்பங்களோடு சேர்ந்து வளர்ந்திருந்தன. தோல்வி என்று தீர்ப்புச் சொன்னவர்கள் பொறுமையில்லாமல் அவசரப்பட்டார்கள் என்பதே என் கருத்து.

அடுக்குமாடி வளராது. கண்ணகி நகரில் தொடக்க காலத்தில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 200 சதுர அடி. பெரும்பாக்கத்தில் பிற்பாடு எழுந்தவை 300-க்கும் 400-க்கும் இடைப்பட்டவை. எத்தனை அடி என்றாலும், சாவி வாங்கிய அன்று இருந்த அளவுதான் இருபது ஆண்டு கழித்தும். குடும்பமோ அதே அளவில் நிற்காது.

இதோடு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்கிறது. ஒரு குடிசைக்குள் மூன்று அடுப்பு எரிந்தால் அங்கே மூன்று குடும்பம். ஒதுக்கீட்டின்போது பெரும்பாலும் கேட்கப்படுவது குடும்ப அட்டையும் குறிப்பிட்ட நாளில் எடுத்த கணக்கும்தான். கல்யாணமாகி இரண்டு ஆண்டாகியும் தனி அட்டை வாங்காத மகன், அந்தக் கணக்கில் அப்பா வீட்டுப் பிள்ளை. மூன்று அடுப்புக்காரர்கள் ஒரே சமையல் மேடைக்கு வந்து சேர்வது இப்படித்தான். சண்டை மூண்டால் அக்கம்பக்கத்தார் 'மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை' என்பார்கள். அந்தப் பெண்கள் இருவரும் குடிசையில் தனித்தனி அடுப்போடு, முகம் சுளிக்காமல், குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

ஓரறையின் இரவு

ஆறு பேர் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஒரு பாட்டி, கணவன் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அவளுக்கு இளைய இரண்டு பையன்கள். ஓர் அறை, அதை ஒட்டிச் சின்னதாக ஒரு சமையலிடம், ஒரு கழிப்பறை. அறையில் ஒரு பீரோ, ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் அரிசிப் பானையும் பித்தளைக் குடமும் மழைக்கால மூட்டையும். சுவரில் டிவி. தண்ணீர் வராத நாளுக்காக நிரப்பி வைத்த பிளாஸ்டிக் குடங்கள் சமையலிடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு அந்த அறைக்கு ஒரே நேரத்தில் நான்கு வேலை. பாட்டிக்குப் படுக்க வேண்டும். பையன்களுக்கு டிவி வேண்டும். மகளுக்குப் படிக்க விளக்கும் அமைதியும் வேண்டும். வேலை முடிந்து வந்த தாய்க்கு நாளைக்கான காயை நறுக்க இடம் வேண்டும். அறை பெரிதாக இருந்தால் இவை இடத்தால் பிரிந்துவிடும். இங்கே நேரத்தால் பிரிய வேண்டியிருக்கிறது. யாருடைய நேரம் முதலில் என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் மகளின் நேரம்தான் கடைசி. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி விளக்குக்குப் போவாள். அங்கே யாராவது நின்று குடித்துக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுவாள்.

கழிப்பறை இந்த வீட்டின் இன்னொரு அறையாகிவிடுகிறது. உடை மாற்றுவது அங்கே. தனியாக போனில் பேசுவது அங்கே. வாய்விட்டு அழ வேண்டுமென்றாலும் குழாயைத் திறந்துவிட்டு அங்கேதான். கணவன் மனைவிக்குத் தனிமை என்பது, பாட்டி ஊருக்குப் போகிற நாளையோ பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலைக்கு மட்டம் போடுகிற நாளையோ பொறுத்தது. கூச்சம் கருதி ஆய்வு வினாத்தாள்கள் இதைக் கேட்பதில்லை. திருமணம் நிச்சயமான பையனின் வீட்டில் முதலில் எழும் கவலை நகையோ மண்டபமோ அல்ல, இவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதுதான். அந்தக் கவலைக்கு வாடகை வீடுதான் விடையாகிறது. வாடகையோ சொந்த வீடு கிடைத்ததால் மிச்சமானது என்று சொல்லப்பட்ட பணத்தை விழுங்கிவிடுகிறது.

மேலே இருக்கிறவர்கள்

பெரும்பாக்கத்தின் கட்டடங்கள் தரைத்தளமும் ஏழு மாடிகளுமாக நிற்பவை. லிஃப்ட் உண்டு; அது ஓடாத நாளும் உண்டு. ஆறாவது மாடியில் முழங்கால் தேய்ந்த ஒரு மூதாட்டி இருந்தால், அவளுடைய உலகம் அன்றைக்கு அறையும் வராந்தாவும்தான். கீழே இருந்தவரை அவள் வீட்டுக்கு வருமானமில்லாத ஆள் அல்ல. இட்லி சுட்டு விற்றிருப்பாள், குழந்தை பார்த்திருப்பாள், தெருவில் யார் வந்தார் போனார் என்று கண் வைத்திருப்பாள். மாடி ஏறியதும் அவள் பார்த்துக்கொள்கிறவளிலிருந்து பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவளாக மாறுகிறாள். பரப்பளவு கூடிய வீட்டில் ஒரு மனுஷியின் மதிப்பு குறைந்துபோவதை எந்தச் சதுர அடிக் கணக்கும் காட்டாது.

சாவு வீட்டுக்கும் இதே கதை. உடலை ஐஸ் பெட்டியில் வைத்து உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அழ அந்த அறையில் இடமில்லை. படிக்கட்டு வளைவில் பாடையைத் திருப்ப முடியாமல் கீழே கொண்டுவந்துதான் எல்லாச் சடங்கும். கட்டடத்தை வரைந்தவர்கள், இங்கே வாழ்கிறவர்கள் பிறப்பார்கள், மூப்படைவார்கள், சாவார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

உறவின் தூரம்

மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1957-இல் வெளியிட்ட கிழக்கு லண்டன் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். பெத்னல் கிரீன் என்ற நெருக்கமான தொழிலாளர் பகுதியிலிருந்து புறநகரக் குடியிருப்புக்குப் போன குடும்பங்களுக்குக் கிடைத்தவை பழையதைவிட நல்ல வீடுகள், தோட்டத்தோடு. இருந்தும் இளம் தாய்மார்கள் தனித்துப் போனார்கள். காரணம், அம்மா வீடு நடந்துபோகிற தூரத்தில் இல்லை. அவர்களுடைய குடும்ப வாழ்வு ஒரு வீட்டுக்குள் நடந்ததல்ல. தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு தெருவின் நீளத்தில் நடந்தது. வீடு பெரிதாகியும் குடும்பம் சுருங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சென்னையில் நடந்தது இன்னும் கடுமை. லண்டன்காரர்களில் பலர் விரும்பிப் போனார்கள். இங்கே புல்டோசர் வந்த பிறகு போனார்கள், பல முறை பள்ளி ஆண்டின் நடுவிலேயே. குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும்போது அக்காள் ஒரு பிளாக்கிலும் தங்கை இன்னொரு பிளாக்கிலும் விழுகிறார்கள்; மாமா அந்த ஊருக்கே வராமல் வேறெங்கோ வாடகைக்குப் போய்விடுகிறார். குலுக்கலில் ஊழல் நுழைய முடியாது என்ற வாதம் நியாயமானது. ஆனால் உறவுக் கூட்டத்தை ஒரே சீட்டாக எழுதிப் போட்டும் குலுக்கலாம். ஊழல் அப்போதும் நுழையாது.

பெண்களின் நாள் இதனால் உடைகிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ நான்கு வீட்டில் வேலை செய்துவந்தவள், நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போக முடிந்தது. பெரும்பாக்கத்திலிருந்து அவள் விடியுமுன் கிளம்பினால் மாலையில்தான் திரும்புகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் சித்தியும் இல்லை, அத்தையும் இல்லை. 2021 மே மாதம் வந்த மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவளுடைய பணத்தை மிச்சப்படுத்தியது, பெரிய உதவிதான். பயணத்தில் கழியும் நேரத்தை அதுவும் திருப்பித் தராது. மிட்சல் ஹாங்காங்கில் கண்ட, பெற்றோர் பார்வையிலிருந்து நழுவும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வரும் காவல்துறைச் செய்திகளைப் படிக்கும்போது, அந்தத் தாயின் பேருந்து நேரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எதிர்ச்சான்றுகள்

கழிப்பறை வீட்டுக்குள் வந்தது அற்பமான மாற்றம் அல்ல. வயதுப் பெண்ணை வைத்திருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் இதை முதலில் சொல்வாள். வெள்ளம் வந்தால் வீட்டையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பதும், ஒதுக்கீட்டு ஆணையில் பெண்ணின் பெயர் ஏறுவதும் உண்மையான ஆதாயங்கள். கூட்டுக் குடும்பத்தின் கெடுபிடியில் இருந்த ஒரு மருமகளுக்கு, தனியாக ஒதுக்கப்பட்ட வீடு விடுதலையாகவும் இருந்திருக்கும். உறவுக்காரர் அருகில் இருப்பது எப்போதும் இதம் அல்ல. கண்காணிப்பும் அதோடு வரும். யங், வில்மாட் இருவரும் உறவின் இனிமையை மிகைப்படுத்தினார்கள் என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு.

இந்த ஊர்கள் துயரம் மட்டுமே நிறைந்தவையும் அல்ல. 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்க்காரர். அவருடைய வெற்றி அந்த ஊர்ப் பெயர் மீதிருந்த பழியைக் கொஞ்சமாவது துடைத்தது. அதில் என் வாதத்துக்கும் ஒரு துணை இருக்கிறது. கபடி வீட்டுக்குள் ஆடுவதல்ல. வீட்டுக்கு வெளியே ஒரு களமும், கூட ஆடத் தோழிகளும், சொல்லித் தர ஒருவரும் வேண்டும். சுவருக்கு வெளியே இடம் கிடைக்கும்போது சிறிய வீடு பிள்ளைகளைத் தடுப்பதில்லை.

அதே இடத்தில் கட்டிக் கொடுத்த பழைய வாரியக் குடியிருப்புகளும் இதையே காட்டுகின்றன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் முதல் நோக்கம். கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்புகளில் அப்படிக் கட்டியவை இன்றைய பெரும்பாக்கம் வீடுகளைவிடப் பெரியவை அல்ல. ஆனால் தொழில் பக்கத்தில், கோயில் பக்கத்தில், சொந்தம் பக்கத்தில். மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்தது. பால்கனியை அடைத்து, தரைத்தளத்தில் முன்பக்கம் நீட்டி, வளராத வீட்டையும் கொஞ்சம் வளர்த்துக்கொண்டார்கள். பராமரிப்பு இல்லாத கட்டடங்களுக்கு ஆபத்து உண்டு என்பதை 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு குடியிருப்பு இடிந்து 24 வீடுகள் மண்ணானபோது எல்லோரும் பார்த்தோம். ஆபத்தான கட்டடத்தை இடித்து அங்கேயே புதிதாகக் கட்ட வேண்டும் என்பதே அதிலிருந்து வரும் முடிவு. மக்களை 25 கிலோமீட்டர் தள்ளி ஏற்றி அனுப்பலாம் என்பதல்ல.

கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு

இலங்கைத் தலைநகரிலும் இதே வாதம் நடந்தது. 2010-இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, கொழும்பில் தோட்டம் எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் இருந்த தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஏறத்தாழ 400 முதல் 500 சதுர அடி கொண்ட தொடர்மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே பலருடைய பழைய வீடு குடிசை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மாடிக் கல்வீடு. சிலரிடம் உறுதிப் பத்திரமும் இருந்தது. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பெற்றோர், மேலே மகள் குடும்பம், முன்னால் சின்னக் கடை. அதற்கு ஈடாக ஒரு தொடர்மாடி வீடு, அதற்கும் தவணை. வளர்ந்து முடிந்த வீட்டைத் தொடக்க அளவுக்குத் திருப்பிச் சுருக்கிய செயல் அது. சென்னையில் மறைந்து நடப்பது கொழும்பில் வெட்டவெளிச்சமாக நடந்தது.

செய்ய வேண்டியது

தமிழ்நாடு அரசு 2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியது. அதே ஆண்டில் மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையையும் வெளியிட்டது. வாழ்விடம் என்ற பெயரை ஏற்ற பிறகு சுவருக்குள் இருப்பதை மட்டும் அளப்பது பொருந்தாது.

முதல் தேர்வு எப்போதும் அதே இடம் அல்லது நடந்துபோகும் தூரம் என்பதாக இருக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத இடமாற்றத்தில், கணக்கெடுக்க வருகிறவர்கள் அட்டையை எண்ணுவதற்கு முன் அடுப்பை எண்ண வேண்டும். உறவுக் கூட்டத்தை ஒரே தளத்தில், குறைந்தபட்சம் ஒரே பிளாக்கில் சேர்த்து ஒதுக்க வேண்டும். முதியவரும் மாற்றுத்திறனாளியும் உள்ள வீட்டுக்குத் தரைத்தளம் சலுகையாக அல்லாமல் உரிமையாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் பிள்ளைகள் படிக்க ஒரு பொது அறையும், ஒவ்வொரு பிளாக்கின் கீழும் சாவுக்கும் சடங்குக்கும் கூரையுள்ள இடமும் கட்டுவதற்கு ஆகும் செலவு மொத்தத் திட்டச் செலவில் பெரிதல்ல. பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு குடும்பத்தையும் எழுப்பக் கூடாது.

ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இதுவரை வந்த அறிக்கைகளில் பல குடும்பத் தலைவரிடம், பகலில், வாசலில் நின்று கேட்ட பதில்களை நம்பி எழுதப்பட்டவை. இனி செல்கிறவர்கள் அந்த வீட்டு மருமகளிடமும் பாட்டியிடமும் படிக்கிற மகளிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: நேற்று இரவு யார் எங்கே படுத்தீர்கள்?